முழங்கை வலிக்கு அல்ட்ராசவுண்ட்: புரோபை எங்கே வைப்பது, எதைத் தேடுவது

முழங்கையைப் பொறுத்தவரை அல்ட்ராசவுண்டுக்கு வேலை சுலபம்தான். டெண்டன் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்), லிகமெண்ட் (எலும்பை எலும்போடு இணைக்கும் பட்டை), நரம்பு, நீர்ப்பை என்று வலிக்கக்கூடியவை பெரும்பாலும் தோலுக்கு அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன, கதிர்வீச்சு கிடையாது, எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டியதும் இல்லை. இதையெல்லாம்விடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது, புதிதாகப் பழகுகிறவர்கள் கோட்டை விடுவதும் அதைத்தான். நோயாளி எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அதே இடத்தில் புரோபை, அதாவது ஒலியலையை அனுப்பி வாங்கும் கைக்கருவியை, வைத்து அழுத்தி, மூட்டை மடக்கி நீட்டிப் பார்த்து, கையோடு கையாக மறு முழங்கையையும் ஒப்பிட்டுவிடலாம். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் நாலு படம் எடுத்து ரிப்போர்ட் அடித்தால் பாதிப் பயன் அங்கேயே போச்சு.

ரேடியாலஜி, ஆர்த்தோ, ஸ்போர்ட்ஸ் மெடிசின், ருமட்டாலஜி பக்கம் ஸ்கேன் பழக ஆரம்பித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முழங்கை வலியோடு ஸ்கேனுக்குப் போகப் போகிறவர்களும் படிக்கலாம், அங்கே என்ன நடக்கிறது என்று புரியும்.

ஜெல் பூசுவதற்கு முன்னால்

முதலில் கதையைக் கேளுங்கள். கீழே விழுந்தாரா, திடீரென்று எதையாவது தூக்கினாரா, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வந்த வலியா, சுண்டுவிரல் மரத்துப்போகிறதா. ஒரே விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை முழுவதையும் வைத்துத் தேய்த்துக் காட்டுகிறவருக்கும் ஒற்றை விரலால் குத்திக் காட்டுகிறவருக்கும் பிரச்சினை பெரும்பாலும் வேறு வேறாக இருக்கும். பிறகு இரண்டு கைகளையும் முழுதாக நீட்டச் சொல்லுங்கள். அடிபட்ட கை மறு கை அளவுக்கு முழுதாக நீளுகிறது என்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு குறைவு. நீளவில்லை என்றால் மூட்டுக்குள் நீரோ ரத்தமோ கோத்திருக்கலாம். சிலருக்குப் பிறவியிலேயே நீளாது, முத்தையா முரளிதரனின் முழங்கை ஊருக்கே தெரிந்த உதாரணம். அதனால் "முன்பு நீளுமா?" என்றும் கேட்டுவிடுங்கள்.

அடிபட்டு வந்தவருக்கு எக்ஸ்ரே முதலில், ஸ்கேன் அப்புறம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

மெஷின் பற்றிச் சுருக்கமாக: லீனியர் புரோப், 12 முதல் 18 மெகாஹெர்ட்ஸ் வரை. ஹாக்கி ஸ்டிக் வடிவப் புரோப் இருந்தால் எலும்பு முனைகளைச் சுற்றி வர வசதி, இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஆழம் 2 அல்லது 3 சென்டிமீட்டர் போதும். ஜெல்லைத் தாராளமாக ஊற்றுங்கள். டாப்ளர் (ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் வசதி) போடும்போது மெல்லிய ரத்த ஓட்டத்தைப் பிடிக்கும் செட்டிங்கில் வைத்து, திரையில் புள்ளி தெறிக்கும் வரை கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்றி, அப்புறம் கொஞ்சம் இறக்குங்கள். புரோபை அழுத்தினாலோ, டெண்டன் இழுபட்டு விறைப்பாக இருந்தாலோ இருக்கிற ரத்த ஓட்டமும் திரையில் காணாமல் போகும்.

ஒரு சட்ட விஷயமும் உண்டு. இந்தியாவில் அல்ட்ராசவுண்ட் மெஷின் எதுவானாலும், நீங்கள் வாழ்நாளெல்லாம் முழங்கையை மட்டுமே பார்த்தாலும், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் வருகிறது. கையடக்க மெஷினும் அதில் அடக்கம். பதிவு செய்யாமல் வாங்கி விளையாட்டு மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் வம்பு உங்களுக்குத்தான்.

எல்லோரையும் ஏமாற்றும் ஒரு கருமை

டெண்டனின் இழைகள் ஒலியலைக்குச் செங்குத்தாகக் கிடந்தால்தான் திரையில் வெள்ளையாக, இழை இழையாகத் தெரியும். கொஞ்சம் சாய்ந்துவிட்டால் நல்ல டெண்டனே கருத்துப்போகும். இதற்கு அனைசோட்ரோபி என்று பெயர். முழங்கையில் டெண்டன்கள் எலும்பில் ஒட்டும் இடத்தில் வளைந்து இறங்குவதால், நோய் வருகிற அதே இடத்தில்தான் இந்தப் போலிக் கருமையும் வருகிறது. எனவே கருப்பாக ஏதாவது தெரிந்தால் உடனே முடிவு கட்டாமல் புரோபின் ஒரு முனையை மெல்ல அழுத்தி ஆட்டிப் பாருங்கள். வெளுத்துவிட்டால் போலி. எந்தக் கோணத்தில் ஆட்டினாலும் கருப்பாகவே நின்றால் அப்புறம் கவலைப்படலாம். கருமை தெரிந்த படத்தைச் சேமிக்கும்போது, ஆட்டிப் பார்த்ததையும் ஒரு சின்ன வீடியோவாகச் சேர்த்து வைப்பது நல்லது, பிறகு பார்க்கிறவருக்குச் சந்தேகம் வராது.

முன்பக்கம்

நோயாளி எதிரே உட்காரட்டும், கை மேஜை மேல் நீண்டு, உள்ளங்கை வானத்தைப் பார்த்து இருக்கட்டும். முழங்கைக்கு அடியில் ஒரு மடித்த துண்டு வையுங்கள். புரோபைக் குறுக்காக வைத்து, மடிப்புக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் மேலேயிருந்து 5 சென்டிமீட்டர் கீழே வரை நிதானமாக ஒரு ஓட்டு.

அடியில் மேலும் கீழுமாக வளைந்து ஓடும் வெள்ளைக் கோடு மேல்கை எலும்பின் முனை. வெளிப்பக்கம் உருண்டையாக எழும்புவது கேபிடெல்லம், உட்பக்கம் பள்ளமாக இறங்குவது டிராக்லியா. அந்தக் கோட்டின் மேலே மெல்லியதாக, சீரான தடிமனில் படிந்திருக்கும் கருப்புப் பட்டைதான் குருத்தெலும்பு. இதை நீர் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அழுத்திப் பாருங்கள், நீர் நகரும், குருத்தெலும்பு அப்படியே இருக்கும். அதற்கு மேலே பிரேக்கியாலிஸ் தசை. அதன் முன்னால் வெளியிலிருந்து உள்ளே வரிசையாக பைசெப்ஸ் டெண்டன், ரத்தக்குழாய், மீடியன் நரம்பு. இந்த வரிசை மனப்பாடமாக வேண்டும், பின்னால் ஊசி போடும் காலத்தில் அதுதான் காப்பாற்றும்.

இனி புரோபை நெடுக்காகத் திருப்புங்கள். மூட்டின் மேலே ஒரு குழி, அதில் வெள்ளையாக ஒரு கொழுப்புத் திண்டு. மூட்டுக்குள் நீர் சேர்ந்தால் இந்தத் திண்டை மேலே தூக்கிவிடும். உடைந்து மிதக்கும் எலும்புத் துணுக்குகளும் இங்கேதான் ஒளிந்திருக்கும், நாலு தடவை மடக்கி நீட்டினால் சில சமயம் இடம் மாறுவதையே பார்க்கலாம்.

முன்பக்கத்தில் கஷ்டமான வேலை பைசெப்ஸ் டெண்டனின் கீழ் முனைதான். அது சாய்வாக ஆழத்தில் இறங்கி ரேடியஸ் எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) மேட்டில் ஒட்டுகிறது, அனைசோட்ரோபி உச்சத்தில் இருக்கும். கையை முடிந்த மட்டும் மல்லாத்தி, புரோபின் கீழ் முனையை நன்றாக உள்ளே அழுத்தினால் கொஞ்சம் பிடிபடும். பிடிபடவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் பின்பக்கம் போங்கள்: முழங்கையை மடக்கி, முன்கையை முழுதாகக் கவிழ்த்து, உள்ளங்கை வெளியே பார்க்கும்படி வைத்தால் அந்த மேடு பின்பக்கமாகச் சுழன்று வந்துவிடும். கோப்ரா நிலை என்று இதைச் சொல்வார்கள். அங்கே புரோபைக் குறுக்காக வைத்து டெண்டன் எலும்பில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

இது ஏன் முக்கியம்? நாற்பது ஐம்பது வயது ஆண், மடக்கிய கையில் பீரோவையோ மூட்டையையோ தாங்கும்போது திடீரென்று கை நீண்டு "டப்" என்று ஒரு சத்தம், அப்புறம் முன்பக்கம் ரத்தக்கட்டு. இந்தக் கதையைக் கேட்டாலே பைசெப்ஸ் அறுந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அறுவை சிகிச்சை தேவையென்றால் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குள் செய்வது எளிது, நாளாக நாளாக டெண்டன் சுருங்கி மேலே ஏறி ஒட்டிக்கொள்ளும். அதே சமயம், பக்கவாட்டில் போகும் லாசர்டஸ் என்ற பட்டை அறுபடாமல் இருந்தால் டெண்டன் முழுதாக அறுந்தும் மேலே ஏறாமல் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் தசை உருளாமல் ஒழுங்காகவே இருக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள்.

வெளிப்பக்கம்: டென்னிஸ் எல்போ

முழங்கை ஸ்கேனுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கம்தான். 2004 இல் சச்சின் புண்ணியத்தில் டென்னிஸ் எல்போ (முழங்கையின் வெளிப்பக்க டெண்டன் கெடுவதால் வரும் வலி) என்ற பெயர் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது, அடுத்த ஆண்டு அவர் அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார். ஆனால் நமக்கு வருகிறவர்கள் துணி பிழிகிறவர்கள், பரோட்டா அடிக்கிறவர்கள், ஸ்பேனர் பிடிக்கிறவர்கள், நாள் முழுக்க மவுஸ் பிடிக்கிறவர்கள்.

முழங்கையை மடக்கி, கட்டைவிரல் மேலே இருக்கும்படி கையை மேஜையில் வைக்கச் சொல்லுங்கள். வெளிப்புறம் துருத்தும் எலும்பு முனையின் மேல் புரோபின் ஒரு நுனி, மறு நுனி மணிக்கட்டை நோக்கி. எலும்புச் சரிவில் முக்கோணமாக ஒட்டிக்கொண்டு கீழே மெலிந்து போகும் வெள்ளை இழைக்கற்றைதான் மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் எக்ஸ்டென்சர் டெண்டன். நாலு தசைகளின் டெண்டன்கள் சேர்ந்தது இது. முதலில் கெடுவது பெரும்பாலும் ஆழத்தில், முன்பக்கமாக இருக்கும் இழைகள், அதாவது எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் பிரெவிஸ். எனவே மேலோட்டமாக ஒரு படம் எடுத்துவிட்டு நகராமல், முன்னும் பின்னுமாக முழு டெண்டனையும் அலசுங்கள்.

தேட வேண்டியது: டெண்டன் தடித்திருக்கிறதா, இழை அமைப்பு அழிந்து கருத்திருக்கிறதா, எலும்பு முனை கரடுமுரடாக இருக்கிறதா, சுண்ணாம்புப் படிவு உண்டா, டாப்ளரில் உள்ளே ரத்தக்குழாய் முளைத்திருக்கிறதா. விளிம்பு தெளிவாக வெட்டினாற்போல, உள்ளே ஒரு இழைகூட இல்லாத கருப்புப் பிளவு தெரிந்தால் அது கிழிசல். சும்மா பரவலாகக் கருத்திருப்பதைக் கிழிசல் என்று எழுதி ஆளைப் பயமுறுத்த வேண்டாம்.

இங்கேதான் கருமையின் மேல் புரோபை வைத்து அழுத்திவிட்டு, "இதே வலிதானா?" என்று கேட்க வேண்டும். வயதாக ஆக வலியே இல்லாதவர்களின் டெண்டனும் கருத்துப்போகிறது. அழுத்தினால் வலிக்காத கருமையைக் காரணமாகச் சொல்லி ரிப்போர்ட் கொடுத்தால், அது யாரோ ஒருவர் கையில் ஊசியாக முடியும். எதிர்ப்பக்கமும் உண்மைதான், டெண்டன் பளிச்சென்று இருக்கிறது, டாப்ளரிலும் ஒன்றுமில்லை என்றால் டென்னிஸ் எல்போ என்ற லேபிளைக் கழற்றிவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

வேறு காரணங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. டெண்டனுக்கு அடியில் ஓடும் லிகமெண்ட் ஒன்று. அதன் பின்பகுதி அறுந்தால் மூட்டு ஆட்டம் காணும், நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழும்போது கை நழுவுகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். இன்னொன்று ரேடியல் நரம்பின் ஆழமான கிளை. முன்பக்கம் பிரேக்கியாலிஸுக்கும் பிரேக்கியோரேடியாலிஸுக்கும் நடுவே நரம்பைக் குறுக்குவெட்டில் பிடித்து, இரண்டாகப் பிரியும் இடத்திலிருந்து ஆழக்கிளையை மட்டும் தொடர்ந்து போங்கள், சூப்பினேட்டர் தசைக்குள் நுழையும் வாசலில் அது நெரிபடுகிறதா, நுழையுமுன் வீங்கியிருக்கிறதா என்று தெரியும். விரல்களைத் தூக்க முடியவில்லை, ஆனால் மரத்துப்போகவில்லை என்று வந்தால் இந்த இடத்தைப் பார்க்காமல் விடவே கூடாது.

ஸ்டீராய்டு ஊசி பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் சில வாரங்களுக்கு வலி பிரமாதமாகக் குறையும். ஒரு வருடம் கழித்து ஒப்பிட்ட ஆய்வுகளில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் போடாதவர்களைவிட மோசமாகத்தான் இருந்தார்கள். ஸ்கேனில் டெண்டன் கருத்திருக்கிறது என்பது மட்டுமே ஊசிக்குக் காரணம் ஆகிவிடாது, லிகமெண்ட் கிழிசல் தெரிந்தால் சுத்தமாக வேண்டாம்.

உட்பக்கம்

உட்புற எலும்பு முனையில் ஒட்டுவது மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் ஃப்ளெக்சர் டெண்டன். வெளிப்பக்க டெண்டனைவிடக் குட்டை, அகலம். கோல்ஃபர் எல்போ இங்கே வரும், தேடுவதெல்லாம் வெளிப்பக்கத்தில் சொன்னதேதான்.

அதற்கு அடியில் இருக்கிற உள் லிகமெண்ட் எறிகிறவர்களின் சொத்து. ஈட்டி, பேஸ்பால், கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து எறிவது எல்லாம் இதன் மேல்தான் விழும். எறிகிற முழங்கை என்ன பாடுபடும் என்பதற்கு நீரஜ் சோப்ரா இருக்கிறார், 2019 இல் அவர் முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2021 இல் டோக்கியோவில் தங்கம் எறிந்தார். லிகமெண்ட்டைப் பார்க்க முழங்கையை 30 டிகிரி மடக்கி, எலும்பு முனையிலிருந்து அல்னா எலும்பு (முன்கையில் சுண்டுவிரல் பக்க எலும்பு) வரை நெடுக்காகப் புரோபை வையுங்கள். உதவிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு முன்கையை வெளிப்பக்கமாகத் தள்ளச் சொல்லுங்கள். மூட்டின் இடைவெளி எவ்வளவு விரிகிறது என்று அளந்து, மறு கையிலும் அளக்க வேண்டும். இரண்டுக்கும் 1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் கவனிக்க வேண்டிய விஷயம். ஒரு கையை மட்டும் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை, ஏனென்றால் சிலருக்கு இரண்டு பக்கமும் இயல்பாகவே தளர்வாக இருக்கும்.

அல்னார் நரம்பு: இங்கே அவசரப்படாதீர்கள்

முழங்கை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு. உட்புற எலும்பு முனைக்கும் முழங்கையின் பின் முனைக்கும் நடுவே குறுக்காகப் புரோபை வைத்தால் வட்டமாகக் கிடைக்கும். நரம்புக்குரிய தேன்கூட்டுத் தோற்றம் இந்தப் பள்ளத்தில் கொஞ்சம் மங்கித்தான் இருக்கும். அங்கிருந்து மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் விடாமல் தொடருங்கள். வெள்ளை ஓரத்துக்கு உட்புறமாகக் கோடு வரைந்து குறுக்குப் பரப்பை அளந்தால் 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம், மேல்கையில் அதே நரம்பின் அளவோடு ஒப்பிட்டால் இன்னும் உறுதி.

அப்புறம் புரோபைக் கிட்டத்தட்ட மிதக்க விட்டு, முழங்கையை மெல்ல முழுதாக மடக்கச் சொல்லுங்கள். சிலருக்கு நரம்பு எலும்பு முனையைத் தாண்டி முன்னால் குதிப்பது கண்ணெதிரே தெரியும். நரம்பைத் தொடர்ந்து மேல்கையின் பின்பக்க டிரைசெப்ஸ் தசையின் உள் தலையும் இரண்டாவதாகக் குதித்தால் அது வேறு நோய், நரம்பை மட்டும் இடம் மாற்றி அறுவை செய்தால் "டக்" சத்தம் போகாது. நீங்கள் அழுத்தினால் நரம்பு நகராது, எல்லாம் சரி என்று எழுதிவிடுவீர்கள். இன்னொன்று, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிலும் கணிசமான பேருக்கு இந்த நரம்பு நழுவத்தான் செய்கிறது. மரத்துப்போவதும் வலியும் சேர்ந்தால்தான் அதற்குப் பொருள்.

நம் நாட்டில் இந்த நரம்பைப் பார்க்கும்போது தொழுநோயை மறக்கவே கூடாது. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலிருந்து டெண்டன்களை மாற்றி வைத்துச் சரிசெய்த மடங்கிய விரல்களில் பலவற்றுக்கும் மூல காரணம் இந்த அல்னார் நரம்பு செத்ததுதான். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து தொழுநோய் நீங்கியதாக 2005 முடிவில் இந்தியா அறிவித்துவிட்டது, ஆனால் புது நோயாளிகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். வித்தியாசத்தைப் பிடிக்க ஒரு வழி: பள்ளத்தில் நெரிபடும் நரம்பு அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் வீங்கும். தொழுநோயில் எலும்பு முனைக்குச் சில சென்டிமீட்டர் மேலே, நெரிக்க எதுவுமே இல்லாத இடத்தில் நரம்பு நீளத்துக்குத் தடித்திருக்கும், உள்ளே தேன்கூடு கலைந்திருக்கும். டாப்ளரில் நரம்புக்குள்ளேயே ரத்த ஓட்டம் தெரிந்தால் அழற்சி உச்சத்தில் இருக்கிறது என்று அர்த்தம், அது நாள் கடத்தக் கூடாத அவசரம். உடனே தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருக்கிறதா என்று பாருங்கள், மறு கை நரம்பையும் ஸ்கேன் செய்யுங்கள். மேலே ஒரு சாண் தொடராமல் பள்ளத்தோடு நிறுத்தியவருக்கு இது எதுவும் தெரியாது.

பின்பக்கம்

உள்ளங்கையை மேஜையில் ஊன்றி, முழங்கையை 90 டிகிரி மடக்கி நண்டுக்கால் மாதிரி வைக்கச் சொல்லுங்கள். டிரைசெப்ஸ் டெண்டன், அதற்கு அடியில் குழி, குழியில் கொழுப்புத் திண்டு. மூட்டில் நீர் இருக்கிறதா என்று பார்க்க மிகச் சிறந்த இடம் இதுதான். எக்ஸ்ரேயில் தெரிய 5 முதல் 10 மில்லி நீர் வேண்டும், இங்கே 1 முதல் 3 மில்லியே காட்டிக் கொடுத்துவிடும்.

தோலுக்கு நேர் அடியில் இருக்கும் நீர்ப்பை வீங்கியிருந்தால் ஜெல்லைக் குவியலாக வைத்து, தோலைத் தொட்டும் தொடாமலும் பாருங்கள், அழுத்தினால் நீர் ஓரமாக ஓடிவிடும். முழங்கையை ஊன்றி உட்கார்ந்ததால் வந்ததா, கவுட்டா (யூரிக் அமிலப் படிகம் சேரும் மூட்டு நோய்), சீழா என்று ஸ்கேன் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சிவந்து, சூடாக, காய்ச்சலோடு இருந்தால் ஊசியால் நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் ஒரே வழி. குருத்தெலும்பின் மேல் விளிம்பில் இரண்டாவதாக ஒரு வெள்ளைக் கோடு ஓடினால் கவுட்டை நினையுங்கள்.

குழந்தைகள், கட்டுப் போட்டவர்கள்

குழந்தையின் முழங்கையில் எலும்பு முனைகள் பெரும்பாலும் இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும், திரையில் கருப்பாகத் தெரியும். பெரியவர்களின் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லாமே நோயாகத் தோன்றும், மறு கைதான் உங்கள் பாடப்புத்தகம். கையைப் பிடித்துத் தூக்கியதால் ரேடியஸ் நழுவிய இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குக் கதை தெளிவாக இருந்தால் ஸ்கேனே வேண்டாம், சரிசெய்தால் சற்று நேரத்தில் விளையாடப் போய்விடும். எப்படி அடிபட்டது என்று யாரும் பார்க்கவில்லை என்றால் பின்பக்கக் கொழுப்புத் திண்டைப் பாருங்கள். அது எழும்பியிருந்தால் முறிவு இல்லை என்று நிரூபிக்கும் வரை முறிவுதான்.

விழுந்த கையை எண்ணெய் போட்டு உருவிவிட்டு, சில வாரம் கழித்துக் கை மடங்கவில்லை என்று வருகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். முன்பக்கத் தசைக்குள் ஒரு கட்டி, அதன் ஓரங்களில் சுண்ணாம்பு படிய ஆரம்பித்திருந்தால் தசைக்குள் எலும்பு வளருகிறது. எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்பே ஸ்கேனில் இது தெரியும், அன்றோடு உருவுவதை நிறுத்தச் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட்

ஒலியலை எலும்பைத் துளைக்காது. எலும்புக்குள் நீர்க்கட்டு, கேபிடெல்லத்தின் குருத்தெலும்புக்கு அடியில் எலும்பு செத்துப்போவது, மூட்டின் உள் மூலைகள் இதற்கெல்லாம் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி.தான். பூட்டிக்கொள்ளும் முழங்கையோடு ஒரு இளம் விளையாட்டு வீரர் வந்து, ஸ்கேன் சரியாக இருந்தால், "பிரச்சினை இல்லை" என்று எழுதாமல் "அல்ட்ராசவுண்டில் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. தேவை" என்று எழுதுங்கள்.

எங்கே அழுத்தியபோது அவருடைய வலி வந்தது, அசைத்தபோது எது நகர்ந்தது, மறு கையில் அளவு என்ன, கிழிசல் என்றால் பாதியா முழுதா, எத்தனை மில்லிமீட்டர், டெண்டன் எவ்வளவு தூரம் மேலே ஏறியிருக்கிறது, இவை ரிப்போர்ட்டில் இருந்தாலே அறுவை மருத்துவர் போன் பண்ணிக் கேட்க மாட்டார். பழகுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. நீங்கள் வலக்கைக்காரர் என்றால் உங்கள் இடது முழங்கையை மேஜையில் வைத்து, அல்னார் நரம்பை மேல்கையின் நடுவிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு இடத்திலும் தவறவிடாமல் தொடர்ந்து வரப் பாருங்கள். அது கைவந்த பிறகு பைசெப்ஸின் கீழ் முனைக்குப் போகலாம்.